இறங்கிக்கொண்டே வந்த கேள்விகள்

மேற்கு மலையின் அடியில், அணைக்கட்டுக் கால்வாய் ஓரமாக, உலகம்மையின் ஆசிரமம் இருந்தது. அங்கே சொற்பொழிவு கிடையாது. பஜனை கிடையாது. கேள்வி மட்டும்தான்.

விடிந்ததும் சீடர்கள் கூடத்தில் வந்து உட்காருவார்கள். உலகம்மை ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்பார். சீடர் பதில் சொல்லுவார். அது சரி என்றோ தப்பு என்றோ உலகம்மை வாயைத் திறக்க மாட்டார். மறுநாள் வரும் கேள்விதான் தீர்ப்பு. பதில் சரியாக இருந்திருந்தால் அடுத்த கேள்வி கடினமாக வரும். தப்பாக இருந்திருந்தால் எளிதாக வரும்.

அதனால் ஒரு பழக்கம் படிந்துபோயிற்று. கேள்வி காதில் விழுந்ததும் அது நேற்றையதைவிடக் கடினமா, எளிதா என்றுதான் முதலில் எடைபோடுவார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு வந்தது தன்னுடையதைவிடப் பெரிதா என்று அடுத்தபடியாகப் பார்ப்பார்கள். எல்லோரும் வீட்டைத் துறந்து வந்தவர்கள்தான். இதை மட்டும் துறக்க முடியவில்லை.

கடைசிக் கேள்வி என்று ஒன்று இருப்பதாகச் சொல்லுவார்கள். அதற்கு விடை சொன்னவருக்கு உலகம்மை தீட்சை கொடுப்பார். அதற்குப் பிறகு அவருக்குக் கேள்வி கிடையாது. அந்தக் கேள்வி என்னவென்று யாருக்கும் தெரியாது.

மாசிலாமணி அங்கே வந்தபோது அவருக்கு நன்றாக நரைத்திருந்தது. உலகம்மையைவிட அவர்தான் வயதில் மூத்தவர். வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வுகளைக் கணினியில் நடத்துகிற ஓர் அலுவலகத்தில் வெகுகாலம் இருந்தவர். கேள்வி எழுதுவது அவர் வேலை அல்ல. தேர்வு எழுதுகிறவருக்கு அடுத்ததாக எந்தக் கேள்வியைக் கொடுப்பது என்று கணினிக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அவர் வேலை.

ஆசிரமத்து வழக்கத்தைக் கேட்டதும் அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"அம்மா, இதையேதான் நாங்க கணினியில செய்யறோம்."

"அப்படியா?"

"ஆமாம்மா. எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள் கொடுத்தா வீண். ஆளுக்குத் தகுந்த கேள்வி கொடுக்கணும். நடுவுல ஆரம்பிப்போம். சரியாச் சொன்னா ஒரு படி ஏத்துவோம். தப்பாச் சொன்னா ஒரு படி இறக்குவோம். ஏத்தி இறக்கி, பாதி சரி, பாதி தப்புன்னு வர்ற இடத்துல ஆள் நின்னுடுவார். அதுதான் அவரோட உயரம்."

"எல்லாருக்குமா பாதி தப்பு வரும்?"

"எல்லாருக்கும்தான்."

"கெட்டிக்காரனுக்கும்?"

"அவனுக்கு அவன் உயரத்துல தப்பு வரும்."

"அப்ப ஒருத்தர் விடாம அழுதுகிட்டுத்தான் வெளிய வருவாகன்னு சொல்லுங்க" என்றார்.

மாசிலாமணி அதைப் பற்றி நினைத்ததே இல்லை. அந்த ஒரு பேச்சுக்காகவே அவர் அங்கே தங்கிவிட்டார். திருச்சியில் இருந்த மனைவி அலமேலுவிடம், "முடிஞ்சதும் வந்துடறேன்" என்று தொலைபேசியில் சொன்னார். என்ன முடிந்ததும் என்று அந்த அம்மாள் கேட்டாள். தீட்சை என்றார்.

அவருக்குக் கேள்விகள் ஏறின. கோபத்தை விட்டவனின் கை எது என்று உலகம்மை கேட்டார். தூங்குகிறவனுக்கும் செத்தவனுக்கும் உள்ள வித்தியாசத்தை யார் சொல்ல வேண்டும் என்று கேட்டார். மாசிலாமணி சொன்ன பதில்கள் சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும். நாளுக்கு நாள் கேள்வி கனத்துக்கொண்டே போயிற்று.

ஒருநாள் உலகம்மை கேட்டார்: "நீங்க இல்லாத உங்க வீட்டுல, இன்னைக்கு உங்களுக்காக யாரு காத்திருக்கா?"

மாசிலாமணி கண்ணை மூடினார். "ஒருத்தரும் இல்லம்மா" என்றார்.

மறுநாள் வந்த கேள்வி முன்னைவிடக் கடினமாக இருந்தது. ஆக, தன் பதில் சரி என்று அவர் முடிவுகட்டினார். அன்றிலிருந்து அலமேலு தொலைபேசியில் கூப்பிட்டால் அவர் எடுப்பதில்லை.

ஆசிரமத்தின் பெயர் வெளியே பரவிற்று. பேருந்தில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் உலகம்மையைப் பார்க்க வேண்டும். மாசிலாமணிதான் ஒரு யோசனை சொன்னார்.

"வாசல் அறையில ஒரு கணினி வைப்போம்மா. உங்க பழைய கேள்விகளை எளிதுலேருந்து கடினம் வரைக்கும் அடுக்கி அதுல போட்டுடறேன். வர்றவங்க நாலு விடையில ஒண்ணைத் தொடட்டும். தகுதி இருக்கறவங்க மட்டும் உள்ள வரட்டும். உங்க நேரம் மிச்சம்."

"வந்தவுகளைத் திருப்பி அனுப்பணுமா?"

"மரியாதையாத்தான்மா அனுப்புவோம்."

கணினி வந்தது. ஞானத்துக்கும் கட்-ஆஃப் வந்துவிட்டது. கூட்டம் வாசல் அறையோடு நின்றது. வெகுசிலர் உள்ளே வந்தார்கள். கொஞ்ச காலத்தில் அவர்களும் குறைந்து, உலகம்மையைச் சுற்றிப் பழைய சீடர்கள் மட்டுமே மிஞ்சினார்கள்.

பிறகு ஓர் ஐப்பசியில் கேள்விகள் இறங்கத் தொடங்கின.

முதலில் உலகம்மை கேட்டது, "இந்தக் கால்வாய் எங்க போகுது?" என்று. மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. இது அவர் வந்த புதிதில்கூடக் கேட்கப்படாத அளவுக்குச் சின்னக் கேள்வி. ஆனாலும் உள்ளே ஏதோ இருக்கும் என்று எண்ணி, "போற இடத்தை நினைக்காத வரைக்கும்தாம்மா அது ஓடும்" என்றார்.

உலகம்மை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியா" என்றார்.

மறுநாள் கேட்டார்: "இன்னைக்கு என்ன கிழமை?"

கூடத்தில் ஒரு சலசலப்பு. பக்கத்தில் இருந்த பூரணி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கல்லூரியில் தத்துவம் நடத்திக்கொண்டிருந்தவள். மாசிலாமணியோடு கிட்டத்தட்ட ஒரே காலத்தில் வந்தவள். தன் மானம் போவதை அவள் பார்த்துவிட்டாள் என்பதே மாசிலாமணிக்குப் பெரிதாக இருந்தது.

"கிழமையே இல்லாத இடத்துக்குத்தானேம்மா எங்களைக் கூட்டிட்டுப் போறீங்க" என்றார்.

"கிழமை இல்லையா?"

"இல்லம்மா."

உலகம்மை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அத்தனை முகங்களும் ஆமாம் என்று தலையாட்டின. அவர் முகத்தில் வந்தது பயம். சீடர்கள் அதைக் கருணை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அன்று மத்தியானம் மாசிலாமணி தட்டைக் கழுவப் போனார். கிணற்றடியில் பூரணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் அவளே பேச்செடுத்தாள்.

"உங்களுக்கு மட்டும்னு நினைச்சுக்காதீங்க. என்கிட்ட நேத்து இந்தக் கிணத்தடியில வந்து என்ன கேட்டாங்க தெரியுமா? 'என் செருப்பு எங்க'ன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாதையே தெரியாதவளுக்குச் செருப்பு எதுக்கும்மான்னேன்."

"நல்ல பதில்தானே."

"நல்ல பதில்னா, இன்னைக்கு ஏன் மறுபடியும் இங்க வந்து 'இது காலையா சாயந்தரமா'ன்னு கேட்கறாங்க?" அவள் பாத்திரத்தை அழுத்தித் தேய்த்தாள். "நான் என்ன அவ்வளவு மட்டமாப் போயிட்டேனா?"

உலகம்மையின் செருப்பு அவர்கள் பக்கத்திலேயே துவைக்கிற கல்லின் மேல் கிடந்தது. இருவருமே அதைப் பார்த்தார்கள். எடுத்துப்போய்க் கொடுக்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. அந்த வாரம் முழுக்க உலகம்மை வெறுங்காலோடு நடந்தார். அம்மா செருப்பையும் துறந்துவிட்டார் என்று மற்றவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள்.

"எங்க கணினியில ஒண்ணு உண்டு" என்றார் மாசிலாமணி. "அடிமட்டக் கேள்விக்குக் கீழ வேற கேள்வி கிடையாது. அதுலயும் தப்பாச் சொன்னா கணினி நிறுத்திடும். இனிமே இந்த ஆள்கிட்ட அளக்க ஒண்ணுமில்லன்னு அர்த்தம்."

"நாம அங்க வந்துட்டோமா?"

"கிட்ட வந்துட்டோம்."

பூரணி பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனாள்.

இதற்கு அடுத்து நடந்ததைச் சொல்லவே வாய் கூசுகிறது. சமைக்கிற முறை ஒரு சீடருக்கு வந்த நாளில் உலகம்மை அடுக்களை வாசலில் வந்து நின்றார். "நான் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். அந்தச் சீடர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கை கூப்பி, "பசிக்கிறது யாருக்குன்னு பார்த்துட்டு வந்து சொல்றேம்மா" என்றார். உலகம்மை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு போய்ப் படுத்துக்கொண்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. சீடர் இரண்டு நாளாக அந்த விடையைத் தியானித்துக்கொண்டிருந்தார்.

மாசிலாமணி மெலிந்துபோனார். எத்தனை வருஷம்! வேலை, வீடு, மகள், பேரன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தது இதற்கா? கடைசிப் படிக்குப் பக்கத்தில் போனவர் இன்று முதல் படிக்கும் கீழே நிற்கிறார். எந்தப் பதிலில் சறுக்கினோம் என்று தேடித் தேடிப் பார்த்தார். தேர்வில் ஆரம்பத்திலேயே தவறு செய்கிறவர்கள் பிறகு மேலே வரத் திணறுவார்கள் என்பது அவருக்குத் தொழில் ரீதியாகத் தெரியும். மேலே போனவர் இப்படிச் சரிந்து அவர் பார்த்ததே இல்லை.

ஒருநாள் காலையில் வாசல் அறைக்குப் போனார். கணினிக்கு முன்னால் உலகம்மை உட்கார்ந்திருந்தார். திரையில் எழுத்துகள் நின்றன.

'தேர்வு முடிந்தது. அம்மாவைச் சந்திக்கும் நிலையைத் தாங்கள் இன்னும் அடையவில்லை. நன்றி.'

மாசிலாமணி பதறிப்போய்ப் பதிவைத் திறந்து பார்த்தார். கணினி உலகம்மையிடம் நடுக் கேள்வியில் தொடங்கி, படிப்படியாக இறங்கி, அடிமட்டக் கேள்வியையும் கேட்டுவிட்டு நிறுத்தியிருந்தது. எல்லாம் ஒரு காலத்தில் உலகம்மையே கேட்ட கேள்விகள். ஒன்றுக்குக்கூடச் சரியான விடையை அவர் தொடவில்லை.

"இது என்ன சொல்லுது? உள்ள விடாதா?" என்று உலகம்மை கேட்டார்.

தன் நிலை என்னவென்று அம்மா வாயால் சொல்லாமல் செய்து காட்டுகிறார் என்று மாசிலாமணி நினைத்தார். தனக்காக அம்மா இவ்வளவு கீழே இறங்கி வந்திருக்கிறாரே என்று நினைத்தார். தடாலென்று காலில் விழுந்தார்.

"புரிஞ்சுதும்மா! நான் இங்கதான் நிக்கறேன்னு காட்டிட்டீங்க."

"எங்க?"

அவர் தேம்பித் தேம்பி அழுதார். உலகம்மை குனிந்து அவர் தலையைத் தடவிக்கொடுத்தார். முன்பின் தெரியாத ஒருவர் அழுதால் எப்படித் தேற்றுவார்களோ அப்படித் தேற்றினார்.

"அழாதீக. உங்க வீட்டாளுக யாராச்சும் கூட வந்திருக்காகளா?"

இதுவும் கேள்வி. மாசிலாமணி அழுகையை அடக்கிக்கொண்டார்.

"யாரும் இல்லம்மா."

"ஐயோ, பாவமே" என்றார் உலகம்மை.

கார்த்திகை பிறந்தது. மழை விடாமல் பெய்து கால்வாயில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. ஒரு பிற்பகலில் மாசிலாமணி வாசல் கதவருகே உட்கார்ந்திருந்தார். உலகம்மை ஒரு துணிப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பைக்குள் ஒரு சேலையும் ஒரு டம்ளரும் இருந்தன.

"கொஞ்சம் வழி சொல்லுங்களேன்" என்றார். "உலகம்மை ஆசிரமத்துக்கு எப்படிப் போகணும்?"

மாசிலாமணி சட்டென்று எழுந்து நின்றார். ஆசிரமத்துக்குள்ளேயே நின்றுகொண்டு ஆசிரமத்துக்கு வழி கேட்கிறார்! இது அடியிலும் அடியில் உள்ள கேள்வியா? அல்லது எல்லாவற்றுக்கும் மேலே உள்ள அந்தக் கடைசிக் கேள்வி இதுதானா? இரண்டில் எது என்று அவரால் சொல்ல முடியவில்லை. வாழ்நாளில் இனி இன்னொரு சந்தர்ப்பம் கிடைக்காது என்று மட்டும் தோன்றியது. தெரிந்ததை எல்லாம் திரட்டி, தன் ஆயுளிலேயே சிறந்த பதிலைச் சொன்னார்.

"போகணும்னு நினைக்கறவனுக்கு அங்க வழியே இல்லம்மா. நின்னவன்தான் வந்து சேருவான்."

உலகம்மை தலையாட்டினார். வழியில் கேட்ட ஆளுக்கு ஊர் தெரியாவிட்டால் நாமெல்லாம் தலையாட்டுவோமே, அப்படி.

"சரி, வேற யார்ட்டயாவது கேக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

வேறு யாரிடமாவது! அந்த வார்த்தை மாசிலாமணியின் நெஞ்சில் ஆணி அடித்தாற்போல் இறங்கியது. ஆக, தோற்றாகிவிட்டது. கடைசிக் கேள்வி கையில் வந்து, நழுவி, இன்னொரு சீடருக்குப் போகிறது. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து தனக்காக அழுதார். உலகம்மை எந்தப் பக்கம் திரும்பினார் என்றுகூட அவர் பார்க்கவில்லை. மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது.

பொழுது சாய்கிற நேரத்தில் பூரணி ஓடிவந்தாள்.

"அம்மாவைக் காணோம். நீங்க பார்த்தீங்களா?"

"வெளிய போனாங்க."

"எங்க போறேன்னு சொன்னாங்க?"

"ஆசிரமத்துக்கு" என்றார் மாசிலாமணி.

பூரணி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மழையில் இறங்கினாள். எல்லோரும் இறங்கினார்கள். கால்வாய்க் கரையோடு போனார்கள். மதகுக்குக் கீழே, முழங்கால் அளவுத் தண்ணீரில், சுவரைப் பிடித்துக்கொண்டு உலகம்மை நின்றார். பை தண்ணீரோடு போய்விட்டிருந்தது. பாதம் இரண்டும் கல்லிலும் முள்ளிலும் கிழிந்து ரத்தமாக இருந்தது. ஆள் வருவதைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரிக் கையை நீட்டினார். தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஊரிலிருந்து வந்த டாக்டர் காய்ச்சலுக்கு ஊசி போட்டார். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் தாங்குவது சிரமம் என்றார். "இவங்களுக்கு இந்த மறதி எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டார். மறதி என்ற சொல்லை அந்த ஆசிரமத்தில் இதுவரை யாரும் அந்தப் பொருளில் சொல்லிக் கேட்டதில்லை. உடலை மறப்பது, உலகை மறப்பது என்றுதான் அவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் சீடர்கள் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார்கள். கூடத்துக்குப் பதிலாகக் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். எல்லோரும் கேள்விக்காகக் காத்திருந்தார்கள். உலகம்மை கண் விழித்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்குப் போய், பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

கேள்வி நின்றுவிட்டது. மாசிலாமணியால் தாங்க முடியவில்லை. கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னிலையிலும் கதறினார்.

"அம்மா, என்னைக் கைவிட்டுட்டீங்களா? மேல ஏத்தினவங்க நீங்கதானே? ஏன் இறக்கினீங்க? கிழமை கேட்டீங்க. கால்வாய் எங்க போகுதுன்னு கேட்டீங்க. வழி கேட்டீங்க. பச்சைப்பிள்ளைக்குத் தெரிஞ்சதை எல்லாம் என்கிட்ட கேட்டீங்களே, நான் அவ்வளவு தாழ்ந்துட்டேனா? என்ன நினைச்சும்மா அந்தக் கேள்வியை எல்லாம் என்கிட்ட கேட்டீங்க?"

உலகம்மை மெல்லத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"தெரியாமத்தான் கேட்டேன்" என்றார். "ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கியளே."